கீரி உமிழும் மணிகள்: பௌத்தச் செல்வக் கடவுளின் பித்தளை உருவம் வளர்ந்த வழி

ஒரு சாண் உயரமுள்ள பித்தளைச் சிலை. தாமரைப் பீடத்தின் மேல் ஒரு காலை மடித்து, மற்றொரு காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கிறார் பருத்த வயிறுடைய ஒருவர். தலையில் ஐந்து முனை முடி. கழுத்திலும் கைகளிலும் நிறைய அணிகள். வலக்கை முழங்கால்மேல் விரிந்திருக்க, அதில் எலுமிச்சையைவிடச் சற்றே பெரிய பழம் ஒன்று. இடக்கை ஒரு விலங்கின் கழுத்தை இறுகப் பிடித்திருக்கிறது. விலங்கின் திறந்த வாயிலிருந்து உருண்டை உருண்டையாக மணிகள் சரம்போல இறங்குகின்றன. தொங்கும் காலின் பாதம் ஒரு சங்கின்மேல் ஊன்றியிருக்கிறது.

காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலும் லடாக்கின் லே நகரிலும் தர்மசாலாவிலும் கடை அலமாரிகளில் வரிசையாக நிற்கும் உருவம் இது. வடமொழி நூல்கள் இவரை ஜம்பலன் என்கின்றன. வீட்டு அலங்காரப் பொருளாகவும் இவர் விலைபோகிறார்; வழிபாட்டு உருவாகவும் மடங்களுக்குச் செல்கிறார். நம் ஊர்ப் பாத்திரக் கடைகளிலும் பரிசுப் பொருள் கடைகளிலும் 'குபேர பொம்மை' என்று கேட்டு வாங்கும் சிரித்த முகக்காரர் இவர் அல்லர். அவர் 10ஆம் நூற்றாண்டையொட்டிச் சீனத்தில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் புதாய் என்ற துறவி. அப்பெயருக்கே துணிப்பை என்று பொருள். ஊர் ஊராகத் திரிந்து பிச்சையாகக் கிடைத்ததைப் போட்டு வைத்த பை அது. குபேரனுக்கும் அவருக்கும் வயிற்றளவில்தான் ஒற்றுமை. ஜம்பலனோ குபேரனின் நேரான வழித்தோன்றல்.

அந்த வழியைத் தேடுவதற்கு முடி, அணி, பீடம் எல்லாவற்றையும்விட நல்ல தடயம் இடக்கை என்பது என் கருத்து. முடியும் அணியும் அந்தந்த நாட்டுச் சிற்பியின் பழக்கப்படி மாறியவை. இடக்கையில் இருக்கும் பொருள் மாறியதற்குக் காரணம் வேறு. செல்வத்தைப் பற்றி மடங்களும் வணிகரும் கொண்டிருந்த எண்ணம் மாறியபோதெல்லாம் அந்தக் கையும் மாறியிருக்கிறது.

வெறுங்கையோடு நின்ற காவலன்

மத்தியப் பிரதேசத்தின் சத்னா மாவட்டத்தில் உள்ளது பார்ஹுத். அங்கே இடிந்து கிடந்த தூபத்தைத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் 1873இல் கண்டார். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் கல்வேலித் தூண்கள் இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளன. அத்தூண்களின் தனிச்சிறப்பு, செதுக்கிய உருவம் யார் என்பதைப் பிராமி எழுத்தில் பக்கத்திலேயே பொறித்திருப்பது. பிற்காலத்து ஆய்வாளர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஒரு தூணில் 'குபிரோ யகோ' என்று எழுதியிருக்கிறது: குபேரன் என்னும் இயக்கன்.

அந்தக் குபேரனுக்குப் பருத்த வயிறு இல்லை. பையோ பழமோ கையில் இல்லை. ஒரு குள்ள உருவத்தின்மேல் நின்று இரு கைகளையும் கூப்பியிருக்கிறான். வட திசையின் காவலனாகத் தூபத்தைக் காத்து நிற்பதே அங்கே அவன் வேலை. பாலி மொழியில் உள்ள தீக நிகாயத்தின் ஆடானாடிய சுத்தமும் அவனை இப்படித்தான் காட்டுகிறது. காட்டில் தனித்திருக்கும் பிக்குகளுக்கு இயக்கர்களால் தீங்கு நேராமல் இருக்கக் காப்பு மொழிகளைப் புத்தரிடம் எடுத்துச் சொல்பவன் வேசவணன், அதாவது குபேரனாகிய வைசிரவணன். இலங்கைச் சிங்களக் கிராமச் சடங்குகளில் இயக்கர் தலைவனாக அழைக்கப்படும் வெசமுனி இந்த வேசவணனே. அடக்கும் ஆற்றல்தான் அவனுடைய முதல் அடையாளம். செல்வம் அப்போது அவன் காவலில் இருந்த பொருள்களில் ஒன்று, அவ்வளவே.

'பூதம் காத்த புதையல்' என்று தமிழில் நாம் சொல்வது இந்தப் பழைய எண்ணத்தின் மிச்சம். பூதம் புதையலைக் காக்கும்; தானும் செலவழிக்காது, பிறருக்கும் தராது. நிகண்டுகள் குபேரனுக்கு இருநிதிக்கிழவன் என்றொரு பெயர் தருகின்றன. சங்கநிதி, பதுமநிதி இரண்டுக்கும் உரிமை உடையவன் என்பது பொருள். கிழவன் என்ற சொல்லில் உரிமைதான் இருக்கிறது, கொடை இல்லை.

குபேரனின் கைக்கு வருமுன் பை மரத்தில் தொங்கியது. விதிசைக்கு அருகே பேஸ்நகரில் கிடைத்து, இதே கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கும் தூண்தலைப்பு ஓர் ஆலமர வடிவில் செதுக்கப்பட்டது. அதன் விழுதுகளுக்கு இடையே வாய் கட்டிய பைகளும், காசு வழியும் கலமும், சங்கும், தாமரையும் உள்ளன. ஜம்பலன் சிலையில் பின்னாளில் சேரும் பொருள்கள் ஏறக்குறைய எல்லாமே இங்கே இருக்கின்றன. சிலைக்குரியவர் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

பை கைக்கு வந்த காலம்

பையைக் கையில் கொடுத்தது குஷாணர் காலம். கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் நடு ஆசியாவிலிருந்து கங்கைச் சமவெளி வரை ஒரே ஆட்சியின்கீழ் பெருவழிகள் திறந்திருந்தன. அவ்வழிகளில் சென்ற வணிகர் பௌத்த மடங்களுக்குக் கொடையாளிகள் ஆனார்கள். கனிஷ்கன், ஹுவிஷ்கன் காசுகளில் ஃபர்ரோ என்ற ஈரானியத் தெய்வம் வருகிறது. அரசனுக்கும் குடிக்கும் பேறு தரும் அந்தத் தெய்வத்தின் கையில் சில காசுகளில் பணப்பை இருக்கிறது. காந்தாரத்துச் சிற்பிகள் இந்தச் சாயலை எடுத்து இயக்கர் படைத்தலைவனான பாஞ்சிகனுக்குக் கொடுத்தார்கள். பெஷாவர் அருங்காட்சியகத்தில் உள்ள, ஸஹ்ரி பஹ்லோலில் கிடைத்த பெரிய சிற்பத்தில் பாஞ்சிகனும் மனைவி ஹாரீதியும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள், சுற்றிலும் குழந்தைகள். இந்த இணை யார் என்பதை முதலில் தெளிவாக எடுத்துக்காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரட் ஃபூஷே.

ஹாரீதியின் கதையைச் சொல்லாமல் இந்த இணையைப் புரிந்துகொள்ள முடியாது. ஐந்நூறு பிள்ளைகளுக்குத் தாயான அவள் ராசகிருகத்துக் குழந்தைகளைப் பிடித்துத் தின்றுவந்தாள். புத்தர் அவளுடைய கடைக்குட்டியைத் தம் பிச்சைப் பாத்திரத்தின் கீழ் மறைத்துவைத்தார். ஒரு பிள்ளையை இழந்ததற்கே துடித்த தாய் பிறர் துயரை உணர்ந்தாள். இனி நான் எதைத் தின்பேன், என் மக்கள் எதைத் தின்பார்கள் என்று அவள் கேட்டபோது, மடங்கள்தோறும் உனக்குச் சோறு வைப்பார்கள் என்றார் புத்தர். பசித்த பேய்க்கு மடத்துச் சோற்றில் பங்கு. அந்தப் பேயின் கணவன் கையில் பணப்பை. மடத்தின் சோற்றுக்கும் வணிகனின் பைக்கும் இருந்த உறவை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சிற்பம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மதுராவில் இதே காலத்துக் குபேரனுக்கு வயிறு பருத்துவிட்டது. ஒரு கையில் கிண்ணம், மறு கையில் பை. காந்தாரத்துப் பாஞ்சிகன் ஈட்டி ஏந்திய படைத்தலைவன் என்றால், மதுராக் குபேரன் வயிறார உண்டு திண்ணையில் சாய்ந்திருக்கும் செட்டி. பிற்கால ஜம்பலனுக்கு உடம்பு மதுராவிலிருந்து வந்தது. இருக்கும் இடம் காந்தார மடத்திலிருந்து வந்தது.

சமையற்கட்டில் ஒரு கரிய தெய்வம்

மடத்திற்குள் இந்தத் தெய்வம் எங்கே இருந்தது என்பதை அறியச் சீனத் துறவி இ-சிங் எழுதிய குறிப்பு உதவுகிறது. 671இல் சீனத்தைவிட்டுக் கடல்வழியே புறப்பட்டு, நாளந்தாவில் பத்தாண்டு அளவில் தங்கிக் கற்று, 695இல் நாடு திரும்பியவர் அவர். மடத்துத் துறவியர் கை கழுவுவது முதல் உண்பது வரை அன்றாட ஒழுங்குகளை அவர்போல நுணுக்கமாக எழுதியவர் அக்காலத்தில் இல்லை. இந்தியாவின் பெரிய மடங்களில் அடுக்களைத் தூணின் அருகிலோ களஞ்சிய வாயிலிலோ மரத்தில் செதுக்கிய ஒரு தெய்வம் இருக்கும் என்கிறார் அவர். உயரம் இரண்டு மூன்று அடி. கையில் பொற்பை. சிறு இருக்கையில் அமர்ந்து ஒரு காலைத் தொங்கவிட்டிருக்கும். எப்போதும் எண்ணெய் தடவித் துடைப்பதால் முகம் கறுத்திருக்கும். அதை மகாகாளன் என்று அழைத்தார்கள்.

ஒருமுறை மடமொன்றில் உச்சிப்பொழுதில் சொல்லாமல் கொள்ளாமல் ஐந்நூறு பிக்குகள் வந்துவிட்டார்களாம். சமைக்க நேரமில்லை. அங்கே பணியாளன் ஒருவனின் வயதான தாய் பதறாமல் அந்தக் கரிய தெய்வத்தின் முன் நறும்புகை இட்டுப் படையல் வைத்தாள். இருந்த சோறே எல்லார்க்கும் போதியதாயிற்று. இந்தக் கதையை இ-சிங் நம்பிக்கையோடுதான் பதிவு செய்கிறார். உணவுக்கூடத்தின் ஒரு மூலையில் ஹாரீதிக்கும் நாள்தோறும் சோறு வைத்தார்கள் என்றும் எழுதுகிறார்.

பெயர் மகாகாளன் ஆனாலும், இருக்கையும் தொங்கும் காலும் பையும் பின்வரும் ஜம்பலன் உருவத்தின் அமைப்பே. ஜப்பானுக்கு இவ்வழிபாடு போனபோது மகாகாளன் அங்கே தைக்கோக்கு என்ற பெயரில் தோளில் மூட்டையும் காலடியில் நெல் மூட்டைகளுமாக அடுக்களைத் தெய்வமானார். துறவியருக்குச் செல்வக் கடவுள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இ-சிங் காட்டும் அந்த எண்ணெய்ப் பிசுக்கேறிய முகத்தையே நான் விடையாகச் சொல்வேன். ஆயிரக்கணக்கானோர் தங்கிய மடத்தில் நாளைக்கு உலையில் போட அரிசி இருக்குமா என்ற கவலையிலிருந்து பிறந்த தெய்வம் அது.

நகுலம்

இனி இடக்கைக்கு வருவோம். பை எப்போது, எப்படிக் கீரியாயிற்று?

வடமொழியில் நகுலம் என்றால் கீரி. பௌத்த வடமொழி நூல்களில் நகுலகம் என்ற சொல் பணப்பையையும் குறிக்கிறது. கீரியின் தோலை முழுதாக உரித்து, வாய்ப்பக்கத்தைத் திறப்பாக வைத்துத் தைத்த பையில் காசு போட்டு வைக்கும் வழக்கத்திலிருந்து இந்தப் பொருள் வந்தது என்று அறிஞர் விளக்குகிறார்கள். நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைப் போல, கழுத்தை இறுக்கினால் மூடிக்கொள்ளும். தளர்த்திச் சாய்த்தால் காசு கொட்டும். கழுத்து, வாய், வயிறு என்று பையின் உறுப்புகளுக்கு நாம் வழங்கும் சொற்கள் எல்லாமே உயிர்களுக்கும் உரியவை. குப்தர் காலத்துக்குப் பிந்திய சிற்பங்கள் சிலவற்றில் கையில் இருப்பது பையா விலங்கா என்று தீர்மானிக்க முடிவதில்லை. பை நீண்டு வால்போல் இறங்குகிறது, மேற்புறத்தில் மூக்குப் போன்ற ஒரு முனை தெரிகிறது. சிற்பி வேண்டுமென்றே இப்படிச் செய்தானா, அல்லது பழகிய பை தானே கண்திறந்ததா? இரண்டுமே நடந்திருக்கும். சொல்லும் பொருளும் அடுத்தடுத்து இருந்த நிலையில் ஒன்று மற்றொன்றாவதற்கு அதிகக் காலம் தேவையில்லை.

ஆனால் சொல்லொற்றுமை ஒன்றினால் மட்டும் இந்த மாற்றம் நிலைத்திருக்காது. கீரி பாம்பின் பகை. பாம்போ நிலத்தடிச் செல்வத்தின் காவல். நாகம் மாணிக்கத்தைக் கக்கி அதன் ஒளியில் இரை தேடும் என்ற நம்பிக்கை நம்மிடமும் உண்டு. புதையலின்மேல் பாம்பு படுத்திருக்கும் என்பதைக் கேளாத கிராமம் இல்லை. பாம்பை விழுங்கும் கீரி அதன் மணியையும் விழுங்கியிருக்கும். அதன் கழுத்தைப் பிடித்து அழுத்தினால் மணி வெளியே வரும். காத்துக்கிடந்த செல்வத்தைக் கக்கவைக்கும் செயலே இப்போது தெய்வத்தின் கையில் நடக்கிறது. பார்ஹுத்தில் கைகூப்பி நின்ற காவலனுக்கும் இவருக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளி.

பெயரும் இந்தக் காலத்தில்தான் மாறுகிறது. ஜம்பீரம் என்பது வடமொழியில் எலுமிச்சை இனப் பழம். தமிழ் மருத்துவ நூல்களிலும் சம்பீரம் உண்டு. வலக்கையில் பழத்தை ஏந்தியவர் என்பதால் ஜம்பலன் என்று ஒரு விளக்கம் உண்டு. விதைகள் நிறைந்த அந்தப் பழம் பெருக்கத்தின் குறி.

குபேரனே மிதிபடுகிறான்

நாளந்தாவிலும் குர்கிஹாரிலும் ஒடிசாவின் ரத்தினகிரியிலும் 8 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை ஜம்பலன் உருவம் முழுமை பெற்றது. அக்காலத்துத் தியான முறைகளைத் தொகுத்த நூல் சாதனமாலை. நேபாளத்தில் கிடைத்த அதன் ஏடுகளில் பழையது 1165இல் எழுதப்பட்டது. வினயதோஷ் பட்டாச்சார்யா அதைப் பதிப்பித்து 1925, 1928ஆம் ஆண்டுகளில் பரோடாவிலிருந்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். இந்தியப் பௌத்த உருவங்களின் பெயர்களை நாம் இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால் அந்தப் பதிப்பே பெருங்காரணம்.

சாதனமாலையின்படி ஜம்பலன் பொன்னிறம் கொண்டவர். தேவி வசுதாரையோடு தாமரையின் நடுவில் இருப்பவர். எட்டு இதழ்களில் எட்டு இயக்கர் சூழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர்ப் பட்டியலைப் படிக்கும்போது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். மணிபத்திரன், பூர்ணபத்திரன் ஆகியோரை அடுத்துத் தனதன், வைசிரவணன் என்ற பெயர்கள் வருகின்றன. இவ்விரண்டும் குபேரனின் பெயர்கள் அல்லவா? ஒரு காலத்தில் தலைவனுக்கு இருந்த பட்டங்கள் இப்போது தனித்தனி ஆட்களாகி அவனுக்கே பின்வந்தவனின் பரிவாரத்தில் நிற்கின்றன.

இதற்கும் ஒருபடி மேலே போகிறது உச்சுஷ்ம ஜம்பலன் என்ற உக்கிர வடிவம். குள்ளமான, ஆடையற்ற, வயிறு பருத்த இவர் நிற்பது தனதனாகிய குபேரனின் நெற்றியின்மேல். மிதிபட்ட குபேரன் வாயிலிருந்து மணிகளைக் கக்குகிறான். இடக்கைக் கீரி செய்வதையே காலடியில் குபேரனும் செய்கிறான். பார்ஹுத்தில் குள்ளனை மிதித்து நின்றவன் இங்கே குள்ளனால் மிதிபடுகிறான். பழைய தெய்வத்தைப் புதியது வென்றது என்று காட்டும் சமயப் போட்டியாக இதைச் சிலர் படிப்பார்கள். அது உண்மையின் ஒரு பகுதிதான். தன்னிடமுள்ளதைத் தராதவன் கையிலிருந்து செல்வத்தை வெளிக்கொணர்வதே இந்த வழிபாட்டின் கரு என்று நான் கொள்கிறேன். தந்தால்தான் தானம், தானமே போதிசத்துவரின் முதற் பாரமிதை. வசுதாரையின் நூலிலும் இதே குரல் கேட்கிறது. பிள்ளைகுட்டிகளோடு வறுமையில் வாடிய சுசந்திரன் என்ற இல்லறத்தான் புத்தரிடம் போய்த் தன் வறுமை தீர வழி கேட்கிறான்; தானம் செய்யும் அளவுக்கு வளம் வேண்டும் என்கிறான். அவனைப் புத்தர் கடிந்துகொள்ளவில்லை. காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் வீடுகளில் இன்றும் வசுந்தரா நோன்பு நோற்பவர்கள் அந்தக் கதையைத்தான் கேட்கிறார்கள்.

இந்தியாவிலிருந்து இந்த உருவம் பல வழிகளில் சென்றது. ஜாவாவின் மெந்துத் கோயில் முன்மண்டபச் சுவரில் ஹாரீதி குழந்தைகளோடு இருக்கிறாள்; அத்தீவில் கிடைத்த சிறு ஜம்பலன் செப்புருவங்கள் ஏராளம். அனுராதபுரத்து அபயகிரி விகாரையின் வாயிலில் சங்கநிதியும் பதுமநிதியும் குள்ள உருவங்களாக நிற்கின்றன. கிழக்கே வேறு கதை. கோத்தான் அரசர்கள் தங்களை வைசிரவணனின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டதை 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். அங்கிருந்து சீனம், ஜப்பான் என்று போன வைசிரவணன் கவசம் பூண்டு, கையில் சிறு தூபம் ஏந்திய போர்த்தெய்வமானான். கீரி அவனோடு போகவில்லை.

கீரியைப் பார்த்திராத நாட்டில்

கீரி வடக்கே இமயத்தைத் தாண்டியது. 1042இல் விக்கிரமசீலத்து ஆசிரியர் அதீசர் மேற்குத் திபெத்துக்குச் சென்றார். வெண்ணிற ஜம்பலன் வழிபாட்டைத் திபெத்திய மரபு அவரோடு இணைக்கிறது. பசியால் இறக்கும் தறுவாயில் இருந்த ஒருவனுக்குத் தர வேறொன்றும் இல்லாமல் தம் உடல் தசையையே தர முன்வந்தாராம் அதீசர். அப்போது அவலோகிதேசுவரரின் கண்ணீரிலிருந்து அந்த வடிவம் தோன்றியது என்பது கதை. ஜம்பலனின் மந்திரத்தில் ஜலேந்திரன், நீர்க்கு இறைவன், என்ற சொல் வருகிறது. சிறிய ஜம்பலன் உருவத்தைக் கிண்ணத்தில் வைத்துத் தலைமேல் நீர் வார்ப்பது இன்றும் நடக்கும் வழிபாடு. நம் கோயில்களின் திருமஞ்சனத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

திபெத்தியப் பீடபூமியில் கீரி வாழ்வதில்லை. ஏட்டிலும் முந்தைய சிலையிலும் பார்த்ததைக் கொண்டே அங்குள்ள சிற்பி கீரியை வடிக்க வேண்டியிருந்தது. அதனால் அது கொழுத்து, முகம் மழுங்கி, சில சிலைகளில் எலியாகவும் சிலவற்றில் பூனையாகவும் தோன்றுகிறது. சீனர் அதற்கு மணி துப்பும் எலி என்றே பெயரிட்டார்கள். பழத்துக்கும் இதே கதி: விளையாத பழம் பல சிலைகளில் சிந்தாமணியாக மாறிவிட்டது. பார்த்தறியாத பொருளைச் செய்யும்போதும் மாற்றாமல் காத்த ஒன்று உண்டு. அது திறந்த வாய். கீரி என்னவாகத் தோன்றினாலும் மணி உமிழாத கீரி இல்லை. சிங்கத்தின்மேல் அமர்ந்து வெற்றிக்கொடி ஏந்திய திபெத்திய வைசிரவணனின் இடக்கையிலும் அந்த வாய் திறந்தே இருக்கிறது.

செம்பும் பித்தளையும்

பொன்னிறத் தெய்வத்துக்குப் பித்தளை பொருத்தமான உலோகம்தான். ஆனால் இமயத்தில் அதற்கு ஒரே மதிப்பு எப்போதும் இருந்ததில்லை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம், துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. காசுமீர வெண்கலங்கள் என்று நூல்களில் சொல்லப்படுபவை பெரும்பாலும் பித்தளை. கண்ணில் வெள்ளியும் உதட்டில் செம்பும் பதித்தவை. திபெத்தியத் துறவி ரின்சென் ஸாங்போ (958–1055) காசுமீரக் கைவினைஞர்களை மேற்குத் திபெத்துக்கு அழைத்து வந்ததிலிருந்து அங்கேயும் பித்தளை மரபு வேரூன்றியது. பூச்சின்றித் துலக்கினாலே அது பொன்போல் மின்னும்.

காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் வார்ப்பாளர்கள் செம்பையே விரும்பினார்கள். ஏறக்குறையத் தூய செம்பில் வார்த்து, பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, தீயில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவது அவர்கள் முறை. பொன் அப்படியே செம்போடு ஒட்டிக்கொள்ளும். ஈயமோ துத்தநாகமோ மிகுந்தால் பூச்சு சரியாகப் பிடிக்காது. அந்த ஆவியை மூச்சில் வாங்கித் தலைமுறைகளாக உடல்நலம் இழந்தவர்களின் கையால்தான் இமயத்துப் பொற்சிலைகள் ஒளிர்கின்றன. 1260இல் பதினாறு பதினேழு வயதில் நேபாளக் கைவினைஞர் எண்பது பேருக்குத் தலைமையேற்றுத் திபெத்துக்குச் சென்ற அரனிகோ, பின்பு குப்ளாய் கானின் தலைநகரில் வெண்தூபத்தை எழுப்பினார். அது 1279இல் முடிந்தது. பெய்ஜிங்கில் இன்றும் நிற்கிறது. நேவார் கைத்திறனுக்கு ஆசியா முழுதும் இருந்த பெயருக்கு அது சான்று.

பாட்டன் நகரில், குறிப்பாக ஓகு பகால் சுற்றுவட்டாரத்தில், சாக்கியக் குடும்பத்தினர் இன்றும் மெழுகு வார்ப்பைச் செய்கிறார்கள். தேன்மெழுகில் மரப்பிசின் கலந்து உருவம் செய்வார்கள். சாணம் கலந்த மென்மையான களிமண் முதற்பூச்சு. உமி கலந்த மண் அடுத்தடுத்த பூச்சுகள். நிழலில் உலர்த்தி, சூடேற்றி மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் செய்வதும் இதுவே. ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சோழநாட்டு உற்சவமூர்த்தி உள்ளும் புறமும் உலோகமே. நேவார் சிலையின் உள்ளே மண்கரு வைத்து வார்ப்பதால் நடு வெறுமையாக இருக்கும். உலோகம் மிச்சமாகிறது என்பது ஒரு காரணம். வேறொரு காரணத்தைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

தூய செம்பு வார்ப்புக்கு எளிதில் வசப்படாது. உருகும்போது காற்றை இழுத்துக்கொண்டு குமிழியிடும். நுண்ணிய இடங்களில் ஓடாது. பித்தளை குறைந்த சூட்டில் உருகி, கீரி வாயின் மணிவரை எளிதாகப் பாயும், விலையும் குறைவு, பொன்பூச்சும் வேண்டாம். 1959க்குப் பின் திபெத்தியர் பெருமளவில் நேபாளத்துக்கும் இந்தியாவுக்கும் வந்து மடங்களைப் புதிதாகக் கட்டியபோது சிலைகளின் தேவை பெருகியது. அடுத்து வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். பித்தளை நகரம் என்று பெயர்பெற்ற முராதாபாத்தின் பட்டறைகளும் பௌத்த உருவங்களை வார்த்து விற்கத் தொடங்கின. மணல் அச்சில் ஒரே உருவை நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். அப்படி எடுத்ததில் கண்ணிமை, விரல் நகம், மணிகளுக்கு இடையிலான வெளி ஆகியவை மழுங்கிப்போகும். மெழுகு வார்ப்புக்குப் பின் உளியால் செதுக்கும் வேலைதான் சிலைக்கு உயிர் தருவது. விலையைக் குறைக்க முதலில் கைவிடப்படுவதும் அதுதான். இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, கீரி நாக்கை நீட்டியதுபோல் நிற்கும் சிலைகளைப் பார்க்கும்போது, ஆயிரம் ஆண்டாக வழிதவறாமல் வந்த ஒரு செய்தி கடைசி மைலில் சிதைந்ததாகத் தோன்றுகிறது.

பீடத்தின் அடிப்புறம்

அலங்காரச் சிலை எது, வழிபாட்டுச் சிலை எது என்பதை முன்புறம் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே பட்டறையில், ஒரே கருவில் பிறந்த இரண்டு சிலைகளில் ஒன்று வரவேற்பறைக்கும் மற்றொன்று மடத்துக்கும் போகலாம். வேறுபாடு பீடத்தின் அடியில் இருக்கிறது.

வழிபாட்டுக்குரிய சிலையின் வெறுமையான உட்புறத்தைத் திபெத்திய மரபில் நிரப்புவார்கள். நடுவே உயிர்க்கோல் என்னும் மரக்குச்சி. அதைச் சுற்றி மந்திரங்கள் எழுதிய அல்லது அச்சிட்ட தாள்கள் இறுகச் சுருட்டி அடுக்கப்படும். நறுமணத் தூள், தானியம், கிடைத்தால் பெரியோரின் எச்சங்கள். இடைவெளி ஏதும் இல்லாமல் நிரப்பிய பின் குறுக்கு வச்சிரம் பொறித்த செப்புத் தகட்டால் அடியை மூடிக் கரையை மடித்துவிடுவார்கள். பிறகே கண் திறந்து நிலைநிறுத்தும் சடங்கு. உள்ளே வெறுமை விட்டு வார்ப்பதற்கு நான் சொன்ன மற்றக் காரணம் இது. சோழ மூர்த்திக்கு உயிர் கும்பநீரின் வழியே வருகிறது. இமயத்து மூர்த்திக்கு வயிற்றை நிரப்புவதால் வருகிறது. பருத்த வயிறுடைய ஜம்பலன் இதற்கு மற்ற எவரையும்விட இடம் தருகிறார்.

பழைய சிலைகளில் தகடு பெயர்ந்திருந்தால் அது ஒரு களவின் தடயம். உள்ளே பொன் இருக்கும் என்று திருடர்கள் பெயர்த்திருப்பார்கள்; கிடைத்தது தாளும் தானியமுமாக இருந்திருக்கும். நேபாளத்தில் 1956ஆம் ஆண்டின் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த சிலைகள் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் சட்டமும் இத்தகைய தடை விதிக்கிறது. பாட்டனில் புதிதாக வார்த்த சிலையைக்கூடத் தொல்பொருள் துறையின் சான்று பெற்றுத்தான் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியும்.

கடையில் வாங்கிய அலங்கார ஜம்பலனைத் திருப்பிப் பார்த்தால் தகடு இருக்காது. பீடத்தின் அடி திறந்திருக்கும். அரத்தால் ராவிய விளிம்பு, உள்ளே உளி படாத சொரசொரப்பான பித்தளை, விரல் எட்டாத வளைவுகளில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிற மண்கருத் துணுக்குகள். வெளியே தொப்புளும் மடிப்புமாகத் தெரியும் வயிறு உட்புறத்தில் ஒரு வெற்றுக் குழி. சின்னச் சுருக்குப்பை ஒன்று தாராளமாக உள்ளே அடங்கும்.